காயில் பக்கத்தில் நின்றால் என்ன ஆகும்? மின்காந்தப் புலம் பற்றித் தொழிலாளர்கள் கேட்கும் கேள்விகள்

கோவையில் கணபதி, குறிச்சி, அரசூர் பக்கத்துப் பவுண்டரிகளில் பம்புக்கும் மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் வார்ப்படம் ஊற்றுகிறார்கள். கோக் கரி எரித்த கியூபோலா உலைகள் நின்ற பல இடங்களில் இன்று இன்டக்‌ஷன் பர்னஸ், அதாவது கம்பிச் சுருளில் (காயில்) மின்சாரம் பாய்ச்சி இரும்பை உருக்கும் உலை, நிற்கிறது. புகை குறைந்தது. அதோடு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிய பயமும் உள்ளே வந்தது.

பாதுகாப்பு வகுப்பு எடுக்கப் போகும் இடங்களில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வெல்டிங் பட்டறை, கார் உதிரிபாகத் தொழிற்சாலை, தார்ப்பாய் ஒட்டும் யூனிட் ஆகியவற்றில் வந்த கேள்விகளும் இதில் உண்டு. இரண்டு வகை மனிதர்களைத் திரும்பத் திரும்பச் சந்திக்கிறேன். காயிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு எதிர்க் கட்டடத்து செல்போன் டவரை நினைத்துத் தூக்கம் இழப்பவர் ஒருவர். அவரிடம் ‘ஒன்றும் ஆகாது, வேலையைப் பார்’ என்று பேச்சை முடித்துவிடும் சூப்பர்வைசர் இன்னொருவர். இருவர் கையிலும் இல்லாதது ஒன்றுதான்: அவர் நிற்கும் இடத்தில் அளந்து எடுத்த எண்.

பர்னஸிலிருந்து வருவது எக்ஸ்ரே மாதிரியான கதிரா?

இல்லை. எக்ஸ்ரேயும் காமா கதிரும் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல் கொண்டவை. அதனால் அவை மரபணுவை நேரடியாகச் சிதைக்க முடியும். காயிலைச் சுற்றியும் வெல்டிங் கேபிளைச் சுற்றியும் உண்டாகும் மின்காந்தப் புலத்துக்கு அந்த ஆற்றல் கிடையாது. அது உடம்பில் தங்குவதும் இல்லை. பேனலில் சுவிட்சை அணைத்த கணத்திலேயே புலம் மறைந்துவிடும். வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கினால் ‘ஒட்டிக்கொள்ளுமா’ என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒட்டாது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். வார்ப்படத்துக்குள் ஓட்டையோ விரிசலோ இருக்கிறதா என்று ரேடியோகிராபி எடுக்கும் ஆலைகள் உண்டு. அந்த அறை வாசலில் மூவிதழ்ச் சின்னம் போட்ட எச்சரிக்கைப் பலகை இருக்கும். அங்கே இருப்பது உண்மையான அயனியாக்கும் கதிர்வீச்சு, அதாவது எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வகை. அது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டது. அந்த அறையைப் பற்றிய பயத்தை விட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் புலம் உடம்பை எதுவும் செய்யாதா?

செய்யும். எவ்வளவு வலுவானது, எந்த அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது (ஹெர்ட்ஸ்) என்பதைப் பொறுத்தது.

இன்டக்‌ஷன் பர்னஸும் வீட்டு இன்டக்‌ஷன் அடுப்பும் ஒரே முறையில் இயங்குபவை. காயிலில் மாறிமாறிப் பாயும் மின்னோட்டம் மாறுகிற காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் நடுவில் இருக்கும் இரும்புக்குள் மின்னோட்டத்தைத் தூண்ட, இரும்பு தானே சூடாகி உருகுகிறது. உங்கள் உடம்பு புலத்துக்குள் வந்தால் அதிலும் மின்னோட்டம் தூண்டப்படும். ஆனால் உடம்பு இரும்பைப் போல மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஆகவே அது மிகச் சிறிய அளவாகவே இருக்கும். புலம் மிக வலுவாக இருந்தால் நரம்பும் தசையும் அதை உணரும். பிரெஞ்சு அறிவியலாளர் தார்சொன்வால் 1896-லேயே இதைப் பதிவு செய்தார்: வலுவான மாறுகாந்தப் புலத்துக்குள் தலையை வைத்தவருக்குக் கண்ணில் ஒளி மினுமினுப்பது போலத் தெரிந்தது. விழித்திரை தூண்டப்படுவதால் வருவது அது. புலத்தை விட்டு விலகினால் நின்றுவிடும்.

சுமார் 100 கிலோஹெர்ட்ஸ் வரை இந்த நரம்புத் தூண்டல்தான் முக்கியக் கவலை. அதற்கு மேலே போகப் போகத் திசு சூடாவதுதான் கவலை. சர்வதேச அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் வரம்புகளை இந்த அடிப்படையில்தான் வகுக்கிறது. சுருக்கமாக அதை இக்னிர்ப் என்பார்கள். அதன் 2010-ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, தொழிலாளிக்கு 50 ஹெர்ட்ஸில் 1,000 மைக்ரோடெஸ்லா (காந்தப்புல வலுவின் அலகு), 500 ஹெர்ட்ஸில் 600, 1,000 ஹெர்ட்ஸில் 300, 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 100. அதிர்வெண் ஏற ஏற வரம்பு இறங்குவதைக் கவனியுங்கள். பொதுமக்களுக்கு இன்னும் குறைவு: 50 ஹெர்ட்ஸில் 200 மைக்ரோடெஸ்லா.

பர்னஸ் பக்கத்தில் எந்த இடத்தில் புலம் அதிகம்?

வகுப்பில் இதைக் கேட்டால் எல்லாரும் உலையின் வாயைத்தான் காட்டுவார்கள். வெளிச்சமும் அனலும் அங்கேதான் இருக்கின்றன. 1,400 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இரும்பு கண்ணெதிரே இருக்கும்போது வேறு எதுவும் மனதில் நிற்காது.

பேனல் அறையிலிருந்தும் கெபாசிட்டர் பேங்கிலிருந்தும் (மின்சாரத்தைத் தேக்கி விடும் கருவிகளின் அடுக்கு) காயிலுக்குப் போகும் தண்ணீர் ஓடும் கேபிள்களை யாரும் காட்டுவதில்லை. கறுப்பு ரப்பர் உறை போட்டு, மணிக்கட்டை விடத் தடிமனாக, பிளாட்பாரத்துக்கு அடியிலோ பக்கவாட்டிலோ தொங்கும். கெபாசிட்டருக்கும் காயிலுக்கும் நடுவே சுழலும் மின்னோட்டம், பேனலுக்குள் வரும் மின்னோட்டத்தை விடப் பல மடங்கு. ஒரு கேபிளில் 3,000 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தனியாக நீளும் கம்பி என்று கணக்குப் போட்டால் 30 சென்டிமீட்டர் தூரத்தில் 2,000 மைக்ரோடெஸ்லா வரும். ஒரு மீட்டரில் 600. அதாவது 500 ஹெர்ட்ஸ் பர்னஸாக இருந்தால், ஒரு மீட்டர் தள்ளி நின்றவர் வரம்பின் விளிம்பில் நிற்கிறார். ஓர் அடியில் நின்றவர் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் வாங்குகிறார். போகும் கேபிளும் திரும்பும் கேபிளும் நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடும். பிரிந்து பிரிந்து தொங்கினால் அழியாது.

அந்தக் கேபிள்களுக்கு மேலே பலகை போட்டு உட்கார்ந்து டீ குடிக்கும் இடமாக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த தண்ணீர் ஓடுவதால் அந்த மூலை கொஞ்சம் இதமாக இருக்கும். அங்கே உட்காருபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓய்வெடுக்க நிழலான வேறு இடம் கொடுக்கப்படவில்லை. மீட்டரைக் கொண்டுபோய்ப் பலகையில் வைத்துவிட்டு, அப்படியே எழுந்து நான்கு எட்டு நடந்து காட்டினால் போதும். எண் இறங்குவதைத் தன் கண்ணால் பார்த்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

காயிலைச் சுற்றி நிற்கும் தகட்டு இரும்பு யோக்குகள் புலத்தை உள்ளேயே அடக்கி வைப்பதற்காக இருப்பவை. யோக் இல்லாத சிறிய பர்னஸ்களில் வெளியே கசியும் புலம் அதிகம். ஆகவே ‘சின்ன பர்னஸ்தானே’ என்று நினைக்க வேண்டாம்.

மோதிரம், காப்பு, அரைஞாண் கொடி போட்டுக்கொண்டு பர்னஸில் நிற்கலாமா?

கூடாது. மூடிய வளையமாக இருக்கும் எந்த உலோகத்திலும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும். வெள்ளியும் தங்கமும் செம்பும் நன்றாகக் கடத்துபவை. இரும்புக் காப்பும் சூடேறும். விரலில் மோதிரம் கதகதப்பானதை உணர்ந்த மெல்ட்டர்கள் (உலையில் இரும்பு உருக்குபவர்கள்) இருக்கிறார்கள். அதை அனலின் சூடு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இடுப்பில் கட்டும் வெள்ளி அரைஞாண் அகலமான வளையம். புலம் ஊடுருவும் பரப்பு அதில் அதிகம். கண்ணி கண்ணியாக இணைந்த இடங்களில் சூடு குவியும். கயிறாகக் கட்டுங்கள். நம்பிக்கையும் கெடாது, தோலும் சுடாது. பாக்கெட்டில் சாவிக்கொத்து, பெல்ட்டில் பெரிய இரும்பு பக்கிள் இருந்தால் அவற்றையும் கழற்றி லாக்கரில் வையுங்கள்.

பர்னஸ் ஷிப்ட் முடிந்தால் தலைவலி, தலைசுற்றல் வருகிறது. அலைதான் காரணமா?

வலி உண்மை. அதை யாரும் மறுக்கக் கூடாது. காரணத்தைத்தான் தேட வேண்டும்.

மின்காந்தப் புலம்தான் தங்களைப் பாதிக்கிறது என்று சொல்பவர்களை வைத்து, புலம் இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கும் தெரியாமல், பக்கத்தில் நிற்கும் ஆய்வாளருக்கும் தெரியாமல் பல நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். 2005-இல் லண்டன் ஆய்வாளர்கள் அதுவரை வந்த 31 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். புலம் இருப்பதைப் பெரும்பாலானோரால் சரியாகக் கண்டுகொள்ள முடியவில்லை. இல்லாதபோதும் இருக்கிறது என்று நம்பியவர்களுக்கு அறிகுறிகள் வந்தன. உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டில், இந்த அறிகுறிகள் உண்மையானவை, ஆனால் அவற்றைப் புலத்தோடு இணைக்கும் அறிவியல் அடிப்படை இல்லை என்று சொன்னது.

இந்த ஆய்வைப் படித்துவிட்டு ‘எல்லாம் மனப்பிரமை’ என்று தொழிலாளியை அனுப்பிவைக்கும் மேலாளர் பெரும் தவறு செய்கிறார். பவுண்டரியில் தலைவலிக்கு நல்ல காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. அச்சில் உலோகம் ஊற்றும்போது அச்சு மணலைப் பிடித்து வைக்கும் ரெசின் எரிந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஆகியவைதான் அதன் முதல் அடையாளங்கள். அதன் மேல் அனல், வேர்வையில் இழந்த உப்பும் தண்ணீரும், இரைச்சல், இரவு ஷிப்ட். புலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் வாயுவை யாரும் அளக்க மாட்டார்கள். இந்தத் தலைவலி புகாரைக் கேட்டதும் நான் முதலில் கேட்பது ஊற்றும் பகுதியில் கார்பன் மோனாக்சைடு மீட்டர் இருக்கிறதா என்பதுதான். ஒரே ஷிப்டில் நாலு பேருக்குத் தலைவலி என்றால் வேறு எதையும் யோசிக்காமல் வெளியே காற்றோட்டத்துக்கு வாருங்கள்.

புற்றுநோய் வருமா?

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மின்கம்பி அதிர்வெண்ணில் உள்ள காந்தப்புலத்தை 2002-இலும், செல்போன் போன்ற ரேடியோ அலைகளை 2011-இலும் ‘2பி’ பிரிவில் வைத்தது. ‘புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்’ என்ற பிரிவு அது. முதலாவதற்கு அடிப்படை, வீட்டில் சராசரியாக 0.3 முதல் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் சற்று அதிகமாகக் காணப்பட்டது. காரணம் இதுதான் என்று இதுவரை நிறுவப்படவில்லை. ஆக, ‘நிச்சயம் வரும்’ என்பதும் தவறு, ‘கேள்வியே இல்லை’ என்பதும் தவறு.

இதைச் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். அதே முகமை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பட்டியலில், இரும்பு எஃகு வார்ப்படத் தொழிலையே வைத்திருக்கிறது. மணலிலிருந்து வரும் சிலிக்கா தூசு அந்தப் பட்டியலில் இருக்கிறது. வெல்டிங் புகையும் வெல்டிங்கின் புற ஊதாக் கதிரும் 2018 வெளியீட்டில் அங்கே சேர்ந்தன. வார்ப்படத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங் பிரிவில் கிரைண்டர் பிடித்து முகமெல்லாம் வெள்ளைப் பொடியாக நிற்கும் தம்பி, மூக்கில் கைக்குட்டை மட்டும் கட்டிக்கொண்டு ‘அலை பயமாக இருக்கிறது சார்’ என்று கேட்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அந்தப் பயத்தில் பாதியையாவது தூசியின் பக்கம் திருப்புங்கள். பொருத்தமான மாஸ்க் கேளுங்கள், தூசு உறிஞ்சும் குழாய் கேளுங்கள்.

பர்னஸில் வேலை செய்தால் பெண் குழந்தைதான் பிறக்கும், அல்லது குழந்தையே பிறக்காது என்கிறார்களே?

பெண் குழந்தை பற்றிய பேச்சுக்கு ஆதாரம் இல்லை. பெண் குழந்தை ஒரு பாதிப்பும் இல்லை.

விந்தணு விஷயத்தில் அனலைக் கவனியுங்கள். விதைப்பை உடல் சூட்டை விடச் சில டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு நன்றாக உருவாகும். நாள் முழுவதும் உலை முன் நிற்பது அதைப் பாதிக்கக்கூடும். ஒரு விந்தணு உருவாகி முதிரச் சுமார் இரண்டரை மாதம் ஆகிறது. குழந்தைக்காகக் காத்திருப்பவர் டாக்டரிடம் போகும்போது தன் வேலை என்ன, எவ்வளவு நேரம் அனலில் நிற்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆலைக்கு எதிரே செல்போன் டவர் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லிப் போராடலாமா?

2012 செப்டம்பரில் இந்திய அரசு டவர்களுக்கான வரம்பை, அப்போதைய இக்னிர்ப் அளவில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 1,800 மெகாஹெர்ட்ஸில் ஒரு சதுர மீட்டருக்கு 0.9 வாட்தான் அந்த வரம்பு. தரையில் நடப்பவருக்குக் கிடைப்பது பொதுவாக அதிலும் சிறு பங்கு. ஆன்டெனா தன் அலையைக் கிடைமட்டமாக, தூரத்தை நோக்கி அனுப்புகிறது.

ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, சில மீட்டருக்குள் போகிறவர்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர். மாடியில் பெயின்ட் அடிப்பவர், தண்ணீர்த் தொட்டி சரிபார்ப்பவர், ஏசி மெக்கானிக். அவர்களைப் பற்றி யாரும் போராடுவதில்லை. மாடிக்கு ஆள் அனுப்பும் முன் ஆன்டெனா எங்கே, எந்தப் பக்கம் பார்க்கிறது, அணைக்கச் சொல்ல வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

வெல்டிங் கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு வேலை செய்கிறேன். பரவாயில்லையா?

அந்தப் பழக்கத்தை விடுங்கள். 200 ஆம்பியர் ஓடும் கேபிளிலிருந்து 10 சென்டிமீட்டரில் 400 மைக்ரோடெஸ்லா. ஒரு சென்டிமீட்டரில், அதாவது கழுத்தை ஒட்டி இருக்கும்போது, 4,000. கேபிளைச் சுருளாகத் தோளில் போட்டால் ஒவ்வொரு சுற்றும் அதைக் கூட்டும். ஹோல்டர் கேபிளையும் எர்த் கேபிளையும் சேர்த்து ஒரே பக்கமாக ஓடவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நீங்கள் நிற்காதீர்கள். எர்த் கிளாம்பை வெல்ட் அடிக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

ஸ்பாட் வெல்டிங்கில் 10,000 ஆம்பியர் அளவு சாதாரணம். வெல்டிங் கன் கருவியின் இரண்டு கைகளுக்கு நடுவே தலையை நுழைத்துப் புள்ளி சரியாக விழுந்ததா என்று பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவிட்சை விட்டபின் பாருங்கள்.

சத்தமே போடாத சிறிய மெஷினில் என்ன ஆபத்து இருக்க முடியும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பிளாஸ்டிக் ஒட்டும் யூனிட்டில் வேலை பார்ப்பவர். உண்மையில் இந்தப் பட்டியலிலேயே நான் அதிகம் கவலைப்படும் மெஷின் அதுதான்.

பி.வி.சி. ஷீட், மழைக்கோட்டு, தார்ப்பாய், பைல் கவர் ஆகியவற்றை ஒட்டும் ‘எச்.எப்.’ (உயர் அதிர்வெண்) மெஷின்கள் பெரும்பாலும் 27.12 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. நெருப்பு இல்லை, புகை இல்லை, இரைச்சல் இல்லை. ஆபரேட்டர் எலெக்ட்ரோடுக்குக் கைநீளத்துக்குள் உட்கார்ந்து, நாள் முழுக்க மிதிக்கட்டையை அழுத்திக்கொண்டிருப்பார். இந்த அதிர்வெண்ணில் உடம்பே ஆன்டெனா போல அலையை வாங்கும். மின்னோட்டம் கால் வழியாகத் தரைக்கு இறங்கும்போது குறுகிய கணுக்காலில் சூடு குவியும். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார அமைப்புகள் 1979-லேயே இந்த மெஷின்களைப் பற்றித் தனி எச்சரிக்கை வெளியிட்டன.

கணுக்காலில் இனம்புரியாத கதகதப்பு, மெஷினின் உலோகப் பாகத்தைத் தொட்டால் சுரீரென்ற சிறு சூடு, விரலில் மரமரப்பு. இவை இருந்தால் சொல்லுங்கள். எலெக்ட்ரோடைச் சுற்றிய உலோகக் கவசத்தை வேலை வேகத்துக்காகக் கழற்றி மூலையில் வைத்திருப்பார்கள். அதைத் திரும்ப மாட்ட வைப்பதுதான் முதல் வேலை. அடுத்தது, நாற்காலியைப் பின்னால் தள்ளிப்போட முடியும்படி ஷீட்டை நகர்த்தும் தட்டு.

பேஸ்மேக்கர் வைத்தவர் பவுண்டரிக்குள் வரலாமா?

அளக்காமல் வரக் கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வலுவான புலத்தைப் பேஸ்மேக்கர் இதயத் துடிப்பென்று தவறாக எடுத்துக்கொண்டு நின்றுவிடலாம் அல்லது ஒரே வேகத்தில் ஓடத் தொடங்கலாம். அதிர்ச்சி கொடுக்கும் டிபிப்ரிலேட்டர் தேவையில்லாதபோது அதிர்ச்சி கொடுக்கலாம். தொழிலாளிக்கான வரம்பு இவரைக் காக்காது. இவருக்குப் பொதுமக்கள் வரம்பு, சில கருவிகளுக்கு அதிலும் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், உடலில் கருவி பொருத்தியவர்களையும் கர்ப்பிணிகளையும் தனி ஆபத்துக்கு உரியவர்களாகப் பிரித்தே சொல்கிறது.

ஒரு கஷ்டம் இருக்கிறது. பேஸ்மேக்கர் வைத்ததைச் சொன்னால் வேலை போய்விடும் என்று காண்ட்ராக்ட் தொழிலாளி மறைக்கிறார். நிர்வாகம் முன்கூட்டியே ‘வேறு பிரிவுக்கு மாற்றுவோம், சம்பளம் குறையாது’ என்று எழுத்தில் கொடுக்காதவரை வாசலில் எத்தனை பலகை வைத்தாலும் பயனில்லை. விசிட்டர்களையும் லாரி டிரைவர்களையும் கேட்க மறக்காதீர்கள்.

கர்ப்பமாக இருக்கும் பெண்கள்?

வயிற்றில் இருக்கும் குழந்தையைத் தொழிலாளியாக அல்ல, பொதுமக்களில் ஒருவராகவே எண்ண வேண்டும் என்பது இக்னிர்ப்பின் நிலை. கர்ப்பம் தெரிந்ததும் எச்.எப். மெஷின், ஸ்பாட் வெல்டிங், பர்னஸ் மேடை ஆகியவற்றிலிருந்து மாற்றுங்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு இது பொருந்தாது.

செல்போன் ஆப்பில் அளந்து பார்க்கலாமா?

பயனில்லை. போனில் இருப்பது திசைகாட்டிக்கான உணரி. அது பூமியின் நிலையான காந்தப்புலத்தைப் பார்க்கத்தான் செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் எங்கே நின்று திறந்தாலும் 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டிக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்துப் பதறியவர்களும் உண்டு, பர்னஸ் பக்கத்திலும் அதிகம் ஏறவில்லையே என்று நிம்மதி அடைந்தவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. நொடிக்கு 500 முறை மாறும் புலத்தை அதால் பின்தொடர முடியாது.

ஈய ஏப்ரன், கதிர்வீச்சு எதிர்ப்பு ஸ்டிக்கர், பால், வெல்லம்?

ஈய ஏப்ரன் எக்ஸ்ரேக்கானது. காந்தப்புலம் அதைக் கடந்து போய்விடும். ஸ்டிக்கர் வெறும் ஸ்டிக்கர். ரப்பர் பூட்ஸ் ஷாக்கிலிருந்து காக்கும், புலத்திலிருந்து அல்ல. பாலும் வெல்லமும் கொடுப்பது பல ஆலைகளில் பழக்கம். பசிக்கு நல்லது, குடியுங்கள். அது நுரையீரலில் போன தூசியையும் எடுக்காது, புலத்தையும் தடுக்காது. தூரம்தான் மருந்து.

படித்தவர்கள்கூட ஏன் சிறிய ஆபத்தைப் பெரிதாகவும் பெரியதைச் சிறிதாகவும் பார்க்கிறார்கள்?

அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987-இல் இதைத் தெளிவாக எழுதினார். கண்ணுக்குத் தெரியாதது, புதியது, நம் கையில் இல்லாதது, விளைவு பின்னால் வருவது ஆகிய குணங்கள் கொண்ட ஆபத்தை மனிதர் எங்கும் பெரிதாக உணர்கிறார்கள். மின்காந்தப் புலத்துக்கு நான்கும் பொருந்துகின்றன. பர்னஸுக்குள் ஈரமான ஸ்கிராப்பைப் போடுவதற்கு ஒன்றும் பொருந்தாது. அது பழகிய வேலை, நம் கையில் இருக்கும் வேலை. ஆனால் உருகிய இரும்புக்குள் போன தண்ணீர் நொடியில் ஆவியாகி வெடிக்கும். மழைக்காலத்தில் மூடியில்லாத ஸ்கிராப் யார்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. அங்கே யாரும் பயப்படுவதில்லை.

நிர்வாகத்துக்கு ஒரு எச்சரிக்கை. ஜெர்மனியின் வீடெமான், ஷுட்ஸ் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், செல்போன் அலைக்காக முன்னெச்சரிக்கை நடவடிக்கை எடுக்கிறோம் என்று மக்களிடம் சொன்னபோது கவலை தணியாமல் கூடியது. ஆகவே தரையில் எச்சரிக்கைக்கு ஒரு மஞ்சள் கோடு மட்டும் போட்டுவிட்டுப் போனால், ‘ஏதோ இருக்கிறது, மறைக்கிறார்கள்’ என்றுதான் புரிந்துகொள்வார்கள். கோட்டுக்கு உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு, வரம்பு எவ்வளவு என்று அங்கேயே எழுதுங்கள். மீட்டரை மெல்ட்டர் கையில் கொடுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நிறைந்த ஷிப்டில் தமிழில் மட்டும் பலகை வைத்தால் அவர்களுக்கு அது வெறும் சுவர். ஒடியாவிலும் இந்தியிலும் எழுதுங்கள், படிக்கத் தெரியாதவருக்கு அவர் மொழிக்காரர் ஒருவரைக் கொண்டு நின்று சொல்லுங்கள்.

மின்காந்தப் புலத்துக்கென்று ரிஸ்க் அலவன்ஸ் கேட்கலாமா?

சங்கக் கூட்டங்களில் இது வரும். என் கருத்து வேண்டாம் என்பது. வரம்பைத் தாண்டிய இடத்தில் மாதம் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு நிற்பது ஆபத்தை நிலைப்படுத்திவிடும். கேபிளை நெருக்கிக் கட்டுவதையும், டீ குடிக்கும் இடத்தை மாற்றுவதையும், கண்ட்ரோல் பெட்டியை இரண்டு மீட்டர் தள்ளி வைப்பதையும் முதலில் கேளுங்கள்.

சட்டத்தில் எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இரசாயனத்துக்கும் தூசிக்கும் வரம்பு சொன்னது. மின்காந்தப் புலத்துக்கு அதில் எண் இல்லை. ஆனால் கேட்கும் உரிமை இருக்கிறது. போபால் விபத்துக்குப் பிறகு 1987-இல் வந்த திருத்தம், அபாயகரமான தொழில்களின் பட்டியலில் பவுண்டரியைச் சேர்த்தது. பாதுகாப்புக் குழுவில் தொழிலாளிக்குச் சம இடம் கொடுத்தது. 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பின் 14-ஆம் பிரிவும், உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலை நிர்வாகத்திடம் பெறும் உரிமையையும், உடனடி ஆபத்து என்று நியாயமான அச்சம் இருந்தால் நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையையும் சொல்கிறது. வாயால் கேட்காமல் எழுதிக் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அளந்து அறிக்கை கொடுத்துவிட்டார்கள். அதில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் அலகு. ஒரு காஸ் என்பது 100 மைக்ரோடெஸ்லா. 10 மில்லிகாஸ் என்றால் 1 மைக்ரோடெஸ்லா. காஸையும் மைக்ரோடெஸ்லாவையும் குழப்பினால் எண் நூறு மடங்கு மாறிவிடும். அடுத்து, மீட்டர் எந்த அதிர்வெண் வரை அளக்கும் என்பது. 50 ஹெர்ட்ஸுக்கான மலிவு மீட்டரைக் கொண்டு 1,000 ஹெர்ட்ஸ் பர்னஸை அளந்த அறிக்கை செல்லாது. ஒப்பிட்ட வரம்பும் உங்கள் பர்னஸின் அதிர்வெண்ணுக்கு உரியதா என்று பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் வரம்பான 1,000-ஐ அங்கே எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். அளந்த இடங்கள் நீங்கள் உண்மையில் நிற்கும் இடங்களா? ஸ்லாக் (கசடு) எடுக்கும்போது நிற்கும் இடம், சாம்பிள் எடுக்கும் இடம், கேபிள் பக்கம், உட்காரும் பலகை எல்லாம் வந்திருக்கின்றனவா?

கடைசியாக, அளந்தபோது பர்னஸ் எத்தனை கிலோவாட்டில் ஓடியது என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். உருகிய இரும்பைச் சூடு இறங்காமல் வைத்திருக்கும்போது பேனலில் பவர் குறைவாக இருக்கும். அப்போது அளந்தால் எல்லா எண்ணும் அழகாகத்தான் வரும். ஸ்கிராப் போட்டு முழு பவரில் உருக்கும்போது, உங்களில் ஒருவர் பேனல் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ள, மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.